தீர்ப்பளிப்போர் கடன்

பிறர் செய்த காரியத்தை மதிப்பிட்டுக் கூறுவது எளிதென்றே நம்மிற் பெரும்பாலோர் எண்ணியிருக்கிறோம். கண்டவுடன் நன்று என்கிறோம், தீது என்கிறோம், ஏன் என்று எவரேனும் வினவினால் சினங்கொள்கிறோம். ஆனால், ஒருவனுடைய பல்லாண்டு உழைப்பைச் சில நாழிகையில் அளந்து, இவன் முதல்வன், இவன் அல்லன் என்று முடிவு கட்டும் பொறுப்பு நம் தலைமீதே வந்து விழுமாயின், அப்பொழுதுதான் அத்தொழிலின் கடுமை நமக்கு விளங்கும். தீர்ப்புக்கு ஆளாகிறவனுக்கு நீதி கிடைப்பது எவ்வாறு? அவனுடைய பெயரையும் ஊரையும் மறைத்துவிட்டால் நீதி தானே வந்துவிடுமா? இதுவே நாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

இதற்கு எடுத்துக்காட்டாகக் கட்டடக் கலைப் போட்டிகளைக் கொள்வோம். சர்வகலாசாலையில் இக்கலையைக் கற்றுத் தேறுவோர், படிப்பின் முடிவில் ஒரு பெரிய கட்டடத்தையோ, நகரின் ஒரு பகுதியையோ தாமே சிந்தித்து வரைந்து காட்டவேண்டும். அவ்விறுதி வேலைகளுக்கென்றே சர்வதேசப் போட்டி ஒன்று உண்டு. ஹாலந்து தேசத்தில் தோன்றிய ஆர்க்கிபிரீ என்னும் அப்போட்டி, 2001-ம் ஆண்டில் ராட்டர்டாம் நகரில் உலகப் போட்டியாக நடைபெற்றது. 2017-ம் ஆண்டில் ஆமதாபாத்தில் கூடியது. உலகெங்குமுள்ள கலாசாலைகள் ஒவ்வொன்றும் தன் மாணாக்கருடைய வேலைகளுள் தலைசிறந்த ஒன்றைத் தேர்ந்து அதற்கு அனுப்புகின்றன.

இத்தகைய போட்டியின் மண்டபத்தை மனக்கண்ணாற் காண்க. அங்கே கட்டடம் ஒன்றுமில்லை. தாளும், கோடும், வண்ணமும், சிறு மாதிரி உருவங்களுமே இருக்கின்றன. இவை கட்டப்பட்டால் மழைக்கு ஒழுகுமா, வெயிலுக்குக் குளிருமா, குடியிருப்போர்க்கு உகக்குமா என்பதை எவரும் இன்னும் கண்டதில்லை. வரைந்த இளைஞரோ பல மாதங்கள் கண் விழித்தவர். நடுவர் அதன்முன் நிற்பது சில நிமிஷங்களே. பின்னர் அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுகிறார். அச்சில நிமிஷங்களில் அவர் உள்ளத்தில் நிகழ்வது யாது என்பதிலேதான் நீதி அடங்கியிருக்கிறது.

முதலில் பெயரைப் பற்றிப் பேசுவோம். ஜூலியா மார்கன் என்ற பெண்மணி 1872-ம் ஆண்டில் சான்பிரான்சிஸ்கோவிற் பிறந்தவர். கலிபோர்னியா சர்வகலாசாலையில் பொறியியல் கற்றுப் பட்டம் பெற்று, 1896-ம் ஆண்டில் பாரிஸ் சென்றார். அக்காலத்தில் கட்டடக் கலைக்கு உலகத்திலேயே பேர்பெற்றிருந்தது அங்கிருந்த நுண்கலைப் பள்ளி. பெண்களுக்கோ அதன் கதவு அடைத்திருந்தது. 1897-ம் ஆண்டில் கதவு திறந்தபின் அவர் நுழைவுப் பரீட்சை எழுதினார். இரண்டு முறை இடம் கிடைக்கவில்லை. இளம் பெண்களுக்கு ஊக்கமளிக்க விரும்பாமையால் பரீட்சகர்கள் தம் மதிப்பெண்களைக் குறைத்துவிட்டனர் என்று அவர் வீட்டுக்கு எழுதினார். மனந்தளராது மூன்றாம் முறையும் எழுதி, 1898-ம் ஆண்டில் நூற்றுக்கணக்கானோருள் பதின்மூன்றாமவராகத் தேறினார். பிற்காலத்தில் ஏறத்தாழ எழுநூறு கட்டடங்களை உருவாக்கினார். 1957-ம் ஆண்டில் அவர் மறைந்தார். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம் தன் பொற்பதக்கத்தை அவருக்கு வழங்கியதோ 2014-ம் ஆண்டில்! அப்பதக்கம் பெற்ற முதற் பெண்மணி அவரே. அதைக் கையேந்தி வாங்கத்தான் அவர் இல்லை. வரைந்த கோட்டைப் பாராமல் வரைந்த கையைப் பார்த்த குற்றத்துக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி, பெயர் மறைத்த போட்டி ஒன்றைப் பார்ப்போம். வியட்நாம் யுத்தத்தில் மாண்ட அமெரிக்கப் போர்வீரர்க்கு வாஷிங்டன் நகரில் நினைவுச் சின்னம் அமைக்க 1981-ம் ஆண்டில் ஒரு போட்டி நிகழ்ந்தது. இது சர்வதேசப் போட்டியன்று. அந்நாட்டுக் குடிகளுக்கு மாத்திரம் உரியது. 1,421 படங்கள் வந்து குவிந்தன. ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம். பெயர் மூடிய உறைக்குள். எண்மர் நடுவராக அமர்ந்து ஒருமனதாய்த் தேர்ந்தெடுத்தது 1026-ம் இலக்கம். உறையைப் பிரித்தபோது வெளிவந்த பெயர் மாயா லின். அவர் யேல் சர்வகலாசாலையில் இன்னும் படித்துக்கொண்டிருந்த மாணவி; வயது இருபத்தொன்று; சீனாவிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகள். அவர் அனுப்பியிருந்தது மென்வண்ணக் கட்டியால் தீட்டிய எளிய படமும் அதனை விளக்கும் ஒரு சிறு கட்டுரையுமே. தரையைக் கீறினாற்போல இறங்கும் இரண்டு கருங்கற் சுவர்கள். அவற்றில் இறந்தோர் பெயர்கள். வேறு அலங்காரம் ஒன்றுமில்லை.

பெயர் வெளிப்பட்டதும் நிகழ்ந்ததென்ன? சின்னத்தின் வடிவத்தைப் பழித்தவர்கள் ஒருபுறம். அவருடைய பிறப்பையும் இனத்தையும் சொல்லிப் பழித்தவர்கள் மற்றொருபுறம். பெயருடன் நடந்த போட்டியாயிருந்தால் தாம் வென்றிருக்க முடியாதென்பது லின் அவர்களே பின்னர்க் கூறிய கருத்து. 1982-ம் ஆண்டில் சின்னம் எழுந்தது. இன்று ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் அங்கு சென்று, தமக்குரியவரின் பெயரை விரலால் தடவிக் கண்ணீர் உகுக்கின்றனர். படத்தை மட்டும் பார்த்த எண்மர் தீர்ப்பு நிலைத்தது. பிறப்பைப் பார்த்தவர் கூச்சல் ஓய்ந்தது. பெயர் கேட்டும், ஊர் கேட்டும், இன்னார் மகன் யார் என்று கேட்டும் மனிதனை எடைபோடும் வழக்கம் நமக்கும் புதிதன்று. ஆகையால் இவ்வரலாற்றின் பொருளை நம் வாசகர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆயினும் இவ்விடத்தில் நின்றுவிடலாகாது. லின் அதே வடிவத்தைத் தம் வகுப்பு வேலையாகவும் கொடுத்திருந்தார். அங்கு அவருக்குக் கிடைத்தது இரண்டாந்தர மதிப்பே! ஒரே வேலைக்கு ஓரிடத்தில் இரண்டாந்தரம். மற்றோரிடத்தில் 1,421-ல் முதலிடம். ஆகவே, நீதி பிறழ்வதற்குப் பெயர் மாத்திரம் காரணமன்று என்பது தெளிவு. நடுவருடைய சுவையும் பழக்கமும் அவர் கண்ணுக்குமுன் திரையாகத் தொங்குகின்றன. போட்டியாளரின் பெயரை உறையிலிட்டு மூடலாம். நடுவரின் விருப்பு வெறுப்பை எந்த உறையிலிட்டு மூடுவது?

1927-ம் ஆண்டில் ஜினீவா நகரில் சர்வதேச சங்கத்தின் மாளிகைக்காக நடந்த போட்டியே இதற்குச் சான்று. 377 வரைபடங்கள் வந்தன. பல தேசங்களிலிருந்து வந்த நடுவர்கள் தம்முள் ஒன்றுபட மாட்டாமல், ஒன்பது பேருக்குச் சமமாக முதற்பரிசு பங்கிட்டனர். லெ கொர்புசியே என்பவரும் அவருடைய கூட்டாளியும் அனுப்பிய புதுமுறை வரைபடம் பலரால் போற்றப்பட்டது. ஆனால், விதித்தபடி சீன மையால் வரைந்த மூலப் படங்களாக அவை இல்லை என்ற காரணங்காட்டி அதனை ஒதுக்கினர். மாளிகையை அளக்கப் புகுந்தவர்கள் மையை அளந்து முடித்தார்கள்!

முப்பது ஆண்டு கழித்து, 1957-ம் ஆண்டின் தொடக்கத்தில், சிட்னி நகர நாடக மாளிகைப் போட்டிக்குத் தீர்ப்புக் கூறிய நால்வர் இதற்கு மாறாக நடந்தனர். வந்தவை 233 வரைபடங்கள். டென்மார்க் தேசத்து யோர்ன் உட்சன் என்பவர் அனுப்பியவை முற்றுப்பெற்ற படங்கள் அல்ல, வெறுங்குறிப்புப் போன்றவை. நடுவர்கள் அக்குறையை மறைக்காமல் எழுத்தில் ஒப்புக்கொண்டு, அதற்குள் ஒளிந்துகிடந்த பெரிய எண்ணத்துக்காக அதனையே முதலில் வைத்தனர். விளைந்தது இன்று உலகமறிந்த மாளிகை. ஆனால் எழுபது இலட்சம் டாலரென மதிப்பிட்ட செலவு பத்துக் கோடியே இருபது இலட்சம் டாலராயிற்று. 1973-ம் ஆண்டில்தான் திறப்பு விழா நிகழ்ந்தது. உட்சனோ 1966-ம் ஆண்டிலேயே மனம் நொந்து விலகிச் சென்று, தாம் எண்ணிய மாளிகையைக் கட்டி முடித்த நிலையில் நேரிற் காணாமலே 2008-ம் ஆண்டில் மறைந்தார்.

விதியைப் பிடித்தவர் கெடுத்தார், விதியை நெகிழ்த்தவர் வாழ்வித்தார் என்று அவசரப்பட்டு முடிவு கட்டுதல் தகாது. விதிக்கு அடங்கி இரவும் பகலும் உழைத்து முழுப்படம் அனுப்பியவர்களுக்கு நாம் என்ன விடை கூறுவோம்? விதி என்பது எளியவனுக்கும் ஒரு காப்பு. நடுவர் தம் மனம்போல் அதனை வளைக்கத் தொடங்கினால், இன்று திறமைக்காக வளைவது நாளை உறவுக்காகவும் வளையும். எனவே, போட்டியாளர் அனைவரையும் சமமாக நிறுத்தும் விதியை இம்மியும் நெகிழ்த்தலாகாது. முறையைப் பற்றிய சிறு விதியோவெனில், அதன் நோக்கம் கெடாதபோது நெகிழலாம். நெகிழ்த்துவதையும் எல்லோருக்கும் ஒப்ப நெகிழ்த்தி, காரணத்தை வெளிப்படக் கூறவேண்டும். சிட்னி நடுவர் காரணத்தை எழுதிவைத்தனர். அவர்களுடைய தீர்ப்பை இன்றும் நாம் எதிர்த்து வழக்காட முடிகிறதென்றால் அது அக்காரணம் நம் கையில் இருப்பதனாலேயே.

மற்றொரு சிக்கலும் உண்டு. பெயரை மறைக்கும்போது மாணவனுடைய வறுமையையும் மறைத்துவிடுகிறோம். பொருளுள்ளவன் விலையுயர்ந்த கணிப்பொறியின் துணையால், கட்டாத வீட்டைக் கட்டியதுபோல மின்னும் படம் ஆக்கி அனுப்புகிறான். இல்லாதவன் கையால் வரைந்து அனுப்புகிறான். இவனுக்கு இரங்கிப் பரிசளிக்கலாமா? கூடாது என்பதே நமது துணிபு. இரக்கத்தாற் பெற்ற முதலிடம் அவனுக்கே இழிவு. ஆனால், தாளின் அளவையும் எண்ணிக்கையையும் படத்தின் முறையையும் முன்னரே வரையறுத்து, பணம் பரீட்சை எழுதாதபடி தடுப்பது போட்டி நடத்துவோர் கடமை. மினுக்கைத் துடைத்துவிட்டு அதன் அடியிலுள்ள எண்ணத்தைக் காண்பது நடுவர் கடமை. கட்டியால் தீட்டிய 1026-ம் இலக்கத்தைக் கண்டுகொண்ட எண்மரின் பெருமை இதுவே.

சிட்னி நடுவர் நால்வருள் ஒருவர் ஈரோ சாரினென். அவருடைய தந்தை எலியேல் சாரினென், 1922-ம் ஆண்டின் சிக்காகோ டிரிபியூன் கோபுரப் போட்டியில் இரண்டாம் பரிசு பெற்றவர். முதற்பரிசு பெற்ற கோபுரத்தினும் அவ்விரண்டாவதே பின்வந்த கலைஞர் பலருக்கு வழிகாட்டியாயிற்று. 1947-ம் ஆண்டில் செயின்ட் லூயி நகர நினைவுச் சின்னப் போட்டிக்குத் தந்தையும் மகனும் தனித்தனியே வரைந்து அனுப்பினர். தந்தை தேறினார் என்று தந்தி வந்தது, வீட்டார் கொண்டாடினர். பின்னரே தந்தியிற் பிழையென்றும், தேறியவர் மகன் என்றும் தெரிந்தது. தந்தை முகம் வாடவில்லை. மகனுக்காக மறுபடியும் கொண்டாட்டம் நடத்தினார். தமக்கு இல்லையென்றான பின்னும், தகுதியுள்ளவனுக்குக் கிடைத்ததென்று மகிழ்ந்த அவ்வுள்ளம் நடுவர்க்கு இன்றியமையாதது. தம்மால் ஆகாத ஒன்றை ஓர் இளைஞன் ஆக்கிக் காட்டும்போது, பொறாமையின்றி, அச்சமின்றி, இது என்னினும் மேல் என்று கூற வல்லவரே அந்நாற்காலிக்குத் தக்கவர்.

ஆகவே, போட்டியாளரின் பெயரை மறைப்பது நீதியின் முதற்படி. நடுவர் தம்முடைய பெயரையும் புகழையும் பழக்கத்தையும் மறப்பது இரண்டாம் படி. தோற்றவனுக்கும் காரணம் கூறுவது மூன்றாம் படி. மூன்றாவதை நாம் பெரிதென்போம். எந்தப் போட்டியிலும் வென்றவர் சிலர், தோற்றவரே பலர். காரணமின்றித் தள்ளப்பட்ட இளைஞன் தன்னையே ஐயுற்றுக் கருவியைக் கீழே வைத்துவிடுவான். இன்ன இடத்திற் குறை, இன்ன இடத்தில் நிறை என்று கேட்டவனோ மறுநாளே மீண்டும் வரையத் தொடங்குவான். ஜூலியா மார்கன் மூன்று முறை எழுதினார். மூன்றாம் முறை எழுத மனவலிமையில்லாமல் மறைந்துபோனவர் எத்தனை பேரோ, எவர் கண்டார்!

நாமெல்லாரும் ஒருநாள் நடுவர் நாற்காலியில் அமர்கிறவர்களே. ஆசிரியர் மாணவன் முன்னும், தந்தை மக்கள் முன்னும், சங்கத் தலைவர் பேச்சுப் போட்டியில் நடுங்கி நிற்கும் சிறுவன் முன்னும் அவ்வாறே அமர்கின்றனர். அப்பொழுது, இவன் யார் என்று கேட்குமுன் இவன் செய்தது யாது என்று கேட்போமாக. என் மனத்துக்கு உகந்ததா என்று கேட்குமுன் தன் நோக்கத்தில் அது நிறைவெய்தியதா என்று கேட்போமாக. இவ்விரண்டையும் கேட்டபின் சொல்லும் தீர்ப்பு ஒருகால் பிழைபடலாம். ஆனால் அது அநீதியாகாது.