அடிமரம் எங்கே?

கொல்கத்தாவுக்கு எதிர்க்கரையில், ஹௌராவின் சிப்பூரில், 1787இல் நிறுவப்பெற்ற தாவரத் தோட்டத்திற்குச் சென்றிருந்தோம். அங்குள்ள பேராலமரத்தின் அடிமரத்தைத் தேடினோம். அஃது இல்லை! 1864, 1867ஆம் ஆண்டுகளின் புயல்களால் சிதைந்து, பின்னர்க் காளான் நோயுற்ற அதனை 1925இல் அகற்றிவிட்டனர். மூவாயிரத்திற்கு மேற்பட்ட விழுதுகளே இன்று மரத்தைத் தாங்கி நிற்கின்றன.

அங்ஙனமாயின் மரம் என்பது எது? அகற்றப்பட்டதா, நிற்பதா?

ஆலையில் தறி ஓட்டிய நாளில், நாம் சாய்ந்தால் குடும்பமே சாயும் என்றிருந்தோம். வேலை போயிற்று, பிள்ளைகள் தாங்கினர். அப்போது நமக்கு மகிழ்ச்சியினும் மனக்குறையே மிகுந்தது. ஒளிப்பானேன்? ‘நான்’ என நிலைத்ததொன்று இல்லை எனப் பிறர்க்கு உரைக்கும் நாமே, நம் வீட்டில் அடிமரமாக விளங்க விரும்பினோம். இவ்விருப்பம் இன்னும் முற்றும் அறவில்லை. தோட்டத்திலும் விழுதுகளைக் காணுமுன் அடிமரத்தையன்றோ முதலில் தேடினோம்!