கண்டதைச் சொல்லும் கடன்

உள்ளம் நிறைந்த இன்பத்தைத் தனித்துத் துய்ப்பது மனித இயல்புக்கு ஒவ்வாதது. துன்பத்தைக்கூடச் சிலர் தமக்குள்ளேயே அடக்கிக் கொள்வர். ஆனால், நெஞ்சைத் தொட்ட ஒரு காட்சியைக் கண்டவனோ, 'நீயும் அதைப் பார்க்க வேண்டும்' என்று இன்னொருவனிடம் சொல்லும் வரை அமைதி கொள்வதில்லை. மலேசியத் தோட்டப்புறங்களில் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டிய நாள்களில், படம் இரவோடு முடிந்துவிடவில்லை. மறுநாள் விடியலில் பெரட்டுக்களத்தில் அது மீண்டும் தொடங்கியது. பால்மர நிரைகளுக்கிடையே நடந்தது. மாலையில் ஒட்டுக்கடை வாங்கில் தேநீரோடு வளர்ந்தது. அன்றிரவு உறங்கிப் போனவனும் அந்தப் பேச்சைக் கேட்டே பாதிப் படத்தைப் பார்த்துவிட்டான். 'பக்கத்துத் தோட்டத்தில் அடுத்த வாரம் காட்டுகிறார்களாம். போய்ப் பார்' என்ற ஒரு சொல் அவனை இருட்டில் சைக்கிள் மிதிக்க வைத்தது.

அந்த ஒரு சொல்லுக்கு அறம் என்று ஏதேனும் உண்டா? உண்டெனில், அதைச் சொன்னவன் கேட்டவனுக்கு எவ்வகையில் கடன்பட்டவன்? இதுவே ஈண்டு ஆராயத்தக்க வினா.

பொழுதுபோக்கிற்கு அறநூல் எதற்கு என்று நகைப்பாரும் உளர். ஆனால், 'இந்தப் படத்தைப் பார்' என்று ஒருவன் நண்பனிடம் கூறும்போது, தனக்கு உரிமையில்லாத மூன்று பொருள்களை அவன் செலவிடுகிறான். நண்பனின் காசு ஒன்று. அவன் வாழ்நாளில் இரண்டரை மணி நேரம் ஒன்று. அவன் வைத்த நம்பிக்கை ஒன்று. காசு திரும்ப வரலாம். மற்ற இரண்டும் எளிதில் வாரா. எனவே, பரிந்துரை என்பது வெறும் வாய்ப்பேச்சன்று. அது சான்று கூறுதல். சான்று கூறுவோனுக்கு உரிய ஒழுங்கு அதற்கும் உண்டு.

தமிழ் மரபு இவ்வொழுங்கை நன்கு அறிந்திருந்தது. ஒரு நூலைக் கற்போர்க்கு அறிமுகப்படுத்தும் பாயிரத்தை நூலாசிரியன் தானே எழுதிக் கொள்வது தகாது என்று நன்னூல் விதித்தது. அவனுடைய ஆசிரியர், உடன் கற்றவர், மாணவர், உரைகாரர் ஆகியோருள் ஒருவரே அதனைச் செய்ய உரியவர். அவரும் புகழ்ந்து தள்ளிவிட்டு அகன்றுவிட முடியாது. நூல் நுதலிய பொருள் யாது, அதனைக் கேட்டற்கு உரியவர் யாவர், அதனால் விளையும் பயன் யாது என்பனவற்றையெல்லாம் சொல்லியாக வேண்டும். 'கேட்போர்' என்ற ஒன்றை நம் முன்னோர் அப்பட்டியலில் சேர்த்தது எண்ணியெண்ணி மகிழத்தக்கது. 'இது நல்ல நூல்' என்பதோடு அவர்கள் நிறைவடையவில்லை. 'யாருக்கு நல்ல நூல்?' என்றும் கேட்டனர். இன்று படம் பார்த்துவிட்டு வந்து, எதிர்ப்பட்டவர்க்கெல்லாம் ஒரே மூச்சில் 'அருமை' என்று வழங்குவோர் விட்டுவிடுவது இந்த வினாவைத்தான். தாயை அண்மையில் இழந்தவனிடம் தாயின் மரணத்தைப் பற்றிய படத்தைப் பரிந்துரைப்பவன் பொய் சொல்லவில்லை. ஆயினும் அவன் கேட்போனை எண்ணிப் பார்க்கவில்லை. தீமை பயவாத சொல்லையே வாய்மை என வள்ளுவர் வகுத்தார். இத்தகைய இடங்களில் அந்த வரையறையின் ஆழம் புலனாகிறது.

பரிந்துரை எத்துணை வலிமையுடையது என்பதற்கு ஜப்பானியத் திரைப்பட வரலாற்றில் ஒரு சான்று உண்டு. அகிரா குரோசாவா இயக்கிய 'ரஷோமோன்' 1950இல் வெளிவந்தது. வெனிஸ் திரைப்பட விழாவுக்கு அதனை அனுப்ப வேண்டும் என்று எடுத்துரைத்தவர் ஜப்பானியர் அல்லர். தோக்கியோவில் இத்தாலியத் திரைப்பட நிறுவனம் ஒன்றின் பொறுப்பிலிருந்த ஜூலியானா ஸ்ட்ராமிஜொலி என்ற இத்தாலியப் பெண்மணியே அவர். படத்தை எடுத்த நிறுவனம் தயங்கியது. தன் நாட்டுத் திரைக்கலையின் சார்பாளாக நிற்க அது ஏற்றதா என ஐயுற்றது. அப்பெண்மணியோ தாம் கண்டதை நம்பினார். 1951இல் அப்படம் வெனிஸில் தங்கச் சிங்க விருதைப் பெற்றது. விழாவுக்குப் படம் சென்ற செய்தியே குரோசாவாவுக்கு முன்னதாகத் தெரியாது. அயல்மொழி பேசும் ஒருவர் உண்மையாகச் சொன்ன ஒரு சொல், ஜப்பானியத் திரைக்கலையை உலகின் கண்முன் நிறுத்திவிட்டது.

அந்தப் படத்தின் கதையும் இங்கே கருதத்தக்கது. காட்டில் நிகழ்ந்த ஒரு கொலையை நால்வர் நான்கு விதமாகக் கூறுகின்றனர். ஒவ்வொருவர் கூற்றிலும் நிகழ்ந்ததைவிடச் சொல்பவரின் தன்மதிப்பே மிகுந்து தோன்றுகிறது. படம் பார்த்துவிட்டு வந்து பேசும் சுவைஞர் நால்வரின் நிலையும் இதுவே அன்றோ? ஒருவர் தம் அறிவைக் காட்டப் புகழ்கிறார். ஒருவர் தம் உயர்ந்த சுவையைக் காட்ட இகழ்கிறார். விழாவில் பரிசு பெற்ற படத்தின் நடுவே உறங்கிவிட்ட ஒருவர், விழித்தெழுந்து 'காவியம்' என்கிறார். கண்ணீர் விட்டு அழுத ஒருவரோ, நண்பர்கள் நகைப்பார்களே என்று அஞ்சி 'சுமார்தான்' என்கிறார். நால்வருமே படத்தைப் பற்றிப் பேசவில்லை. தம்மைப் பற்றியே பேசுகின்றனர். இவர்களுள் கடைசியாகக் கூறப்பட்டவரே பெரிதும் இரங்கத்தக்கவர். மற்றவர் பிறரை ஏமாற்றினர். இவர் தம் கண்ணீரையே மறுத்துவிட்டார்.

சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் விட்ட நற்சொல்லும் ஒரு கடனே. சிங்கப்பூரின் ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்புத் தளத்தில் புகழின் உச்சியைத் தொட்ட பி. ரம்லி, 1964இல் கோலாலம்பூருக்குப் பெயர்ந்தார். அதன்பின் அவர் எடுத்த படங்களுக்கு முன்னைய வரவேற்பு வாய்க்கவில்லை. காலம் மாறியது, சுவை மாறியது, வண்ணப் படங்கள் வந்து குவிந்தன எனப் பல காரணங்கள் கூறுவர். அவற்றில் உண்மையும் உண்டு. 1972இல் வெளிவந்த 'லக்சமானா டோ ரே மி' அவருடைய கடைசிப் படமாயிற்று. 1973 மே 29இல், 44ஆம் வயதில் அவர் மறைந்தார். 'டான் ஸ்ரீ' விருது அவருக்கு வழங்கப்பட்டது 1990இல். அவர் வாழ்ந்த நாளில் 'பழைய ரம்லி இல்லை' என்று சொல்லிப் படம் பார்க்காமல் விட்டவர்களுள் எத்தனை பேர் அதைக் கண்ணால் கண்டபின் சொன்னவர்கள்? பிறர் சொல்லக் கேட்டு மேலும் பிறர்க்குச் சொன்னவர்களே மிகுதியாக இருந்திருப்பர். பாராத படத்தைப் பழித்தல், காணாத வழக்கில் சான்று கூறுதலுக்கு ஒப்பாகும். தண்டனை பெற்றவன் போன பிறகு தீர்ப்பைத் திருத்துவதால் யாருக்கு என்ன பயன்?

இந்நாட்டுத் தமிழர்க்கு இவ்வினா இன்னும் கூர்மையாக எழுகிறது. சந்தை சிறியது, முதலீடு அரியது, தமிழகத்துப் பெரும்படங்களின் நிழலில் உள்நாட்டுப் படம் ஒன்று தலைதூக்குவதே போராட்டம். ஆகவே, 'நம்மவர் எடுத்தது, குறை சொல்லாதே. எல்லாரையும் பார்க்கச் சொல்' என்பது ஒரு சாராரின் கட்டளை. 'நம்மவர் எடுத்ததுதானே, எப்படி இருக்கப் போகிறது!' என்பது இன்னொரு சாராரின் ஏளனம். முதற்கூற்றில் பற்று உண்டு. இரண்டாவதில் அதுவும் இல்லை. ஆயினும், இரண்டுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. இரண்டுமே படத்தைப் பார்ப்பதற்கு முன்பே சொல்லப்பட்டுவிட்ட தீர்ப்புகள்.

சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' 2015இன் இறுதியில் வெளிவந்தது. தோட்டத்தை விட்டுப் புறம்போக்குக் குடியிருப்புக்குப் பெயர்ந்த ஒரு குடும்பத்தையும், அதில் வளரும் ஒரு சிறுவனையும் பற்றிய படம் அது. 2016ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் மலாய் அல்லாத மொழிப் படங்களைத் தனிப்பிரிவில் ஒதுக்கியபோது எதிர்ப்பு எழுந்தது. அவ்வாறு எதிர்த்தவர்களுள் மலாய்க் கலைஞர்களும் இருந்தனர். இறுதியில், சிறந்த மலேசியத் திரைப்படம் என்ற விருதை 'ஜகாட்' பெற்றது. அவர்கள் 'நம் இனத்தார் படம்' என்பதற்காகக் குரல் கொடுக்கவில்லை. அவ்வாறு கூற அவர்களுக்கு வழியுமில்லை. மொழியைக் கொண்டு படத்தின் தரத்தைப் பிரித்தல் நேர்மையன்று என்பதற்காகவே பேசினர். வெனிஸுக்குப் பரிந்துரைத்த இத்தாலியப் பெண்மணியின் சொல்லுக்கு இருந்த மதிப்பு இவர்கள் சொல்லுக்கும் இருந்தது. பற்று ஒரு படத்தின் வாயில் வரை ஆள்களை அழைத்து வரும். உள்ளே அமர்த்துவது உண்மையே. ஒருமுறை பற்றுக்காகப் பொய் சொன்னவனின் சொல், மறுமுறை உண்மையாகவே ஒரு நல்ல படம் வரும்போது விலைபோகாது. அப்போது இழப்பு சொன்னவனுக்கு மட்டுமன்று, அந்த நல்ல படத்துக்கும்தான்.

அப்படியாயின், உள்நாட்டுக் கலைஞனைக் கைவிடுவதா? அன்று. முதல் வாரத்தில் சென்று பார்ப்பது பற்றின் கடமை. பார்த்தபின் கண்டதைச் சொல்வது வாய்மையின் கடமை. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதாலேயே இடர் விளைகிறது. 'நடிப்பு என்னைக் கவர்ந்தது, பின்பாதி தளர்ந்தது, தோட்ட வாழ்வை அறிந்தவர் கட்டாயம் பார்க்கலாம்' என்று ஒருவர் கூறினால், அதில் படைத்தவனுக்கு மதிப்பும், கேட்பவனுக்கு வழிகாட்டலும், சொன்னவனுக்கு நாணயமும் ஒருங்கே அமைகின்றன. அவ்வாறு சொன்னபின், கேட்டவன் பார்த்துவிட்டு வந்து 'எனக்குப் பிடிக்கவில்லை' என்றால் சினப்பதற்கு ஏதுமில்லை. பரிந்துரை அழைப்பாகலாம், ஆணையாகலாகாது. தன் சுவையோடு ஒத்துப்போகாதவனை நட்பினின்று நீக்குபவன் தேடியது நண்பனையன்று, எதிரொலியையே.

இக்கடன் பள்ளியறையில்தான் முதன்முதலாகக் கற்கப்படுகிறது. 'உனக்குப் பிடித்த படம் எது?' என்று ஆசிரியர் கேட்கிறார். மாணவன் ஒரு சண்டைப் படத்தின் பெயரைச் சொல்கிறான், வகுப்பு சிரிக்கிறது, ஆசிரியரும் புன்னகைக்கிறார். அடுத்த மாணவன் எழுந்து, தான் பாராத ஓர் உயர்ந்த படத்தின் பெயரைச் சொல்கிறான், பாராட்டுப் பெறுகிறான். அந்நாளில் வகுப்பு கற்றது திரைப்படக் கலையையன்று. பொய் சொல்லும் கலையை. மாறாக, அந்த முதல் மாணவனிடம், 'அதில் எந்தக் காட்சி உன்னைத் தொட்டது? ஏன்?' என்று ஆசிரியர் மேலும் ஒரு வினாவை எழுப்பியிருந்தால், தன் உள்ளத்தைத் தானே பார்க்க அவன் கற்றிருப்பான். அவ்வாறு பார்க்கக் கற்றவனே நாளை மேலான ஒன்றைக் காணும்போது அதனை மேலானது என்று அடையாளம் கண்டு, அஞ்சாமல் பிறர்க்கும் சொல்வான்.

'கண்டவர் விண்டிலர், விண்டவர் கண்டிலர்' என்பது பெரும்பொருளைக் குறித்து வழங்கும் முதுமொழி. திரையரங்கைவிட்டு வெளிவருவோர் அம்மொழியைப் பொய்யாக்கலாம். கண்டவர் சொல்லட்டும்; சொல்பவர் கண்டிருக்கட்டும்.