சேர்ந்து சிரிக்க எத்தனை நாள்?

வெளிநாட்டில் நெடுநாள் தங்கப்போகிறவர்கள் முதலில் கேட்பது சாப்பாட்டைப் பற்றித்தான். சாப்பாட்டுக்கு எப்படியும் வழி பிறந்துவிடும். பொழுதைப் போக்குவதுதான் பெரும்பாடு. ஜப்பானின் ஒசாகாவில் இருந்தபோது எனக்கு அரிசி கிடைத்தது, பக்கத்துக் கோபேயில் துவரம்பருப்பும் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்கள்தான் கனத்தன. ஊரே எதற்கோ சிரித்துக்கொண்டிருக்கும். எதற்கென்று நமக்குப் பிடிபடாது.

சுமோ பார்க்க மொழி வேண்டியதில்லை. மார்ச் மாதம் 15 நாள் அங்கே போட்டி நடக்கும். ஒருவர் விழுந்தால் நமக்கும் புரிந்துவிடும், கை தட்டலாம். ஆனால் கை தட்டுவது வேறு, சேர்ந்து சிரிப்பது வேறு. சிரிப்புக்குள் நுழைய அந்த ஊர்க்காரர்களின் அன்றாடம் கொஞ்சமாவது நமக்குள் இறங்கியிருக்க வேண்டும்.

அதை எனக்குக் காட்டியது ராகுகோ என்னும் கதைசொல்லும் கலை. மெத்தையில் மண்டியிட்டு ஒரே ஒருவர் உட்கார்ந்திருப்பார். கையில் ஒரு விசிறி, ஒரு துண்டு. எல்லாப் பாத்திரங்களும் அவரே. தலையை இந்தப் பக்கம் திருப்பினால் கடைக்காரர், அந்தப் பக்கம் திருப்பினால் வாடிக்கையாளர். ஒசாகா பாணியில் முன்னால் ஒரு சிறு மேசையும் உண்டு. கட்டையால் அதைத் தட்டித் தட்டிக் கதை சொல்வார்கள். தெருவோரத்தில் கதை சொல்லி, வழிப்போக்கர்களை நிறுத்திய காலத்தின் மிச்சம் அது. இரண்டாம் உலகப்போரில் அரங்குகள் அழிந்தபின், சுமார் 60 வருஷம் ராகுகோவுக்கென்று அங்கே நிரந்தர அரங்கே இல்லை. 2006இல்தான் தென்மாங்கு கோவிலை ஒட்டி ஹான்ஜோதெய் திறந்தது. நன்கொடை கொடுத்தவர்களின் பெயர் எழுதிய விளக்குகள் கூரையில் வரிசை வரிசையாகத் தொங்குகின்றன. ஊர்மக்கள் தங்கள் சிரிப்புக்காகக் காசு போட்டுக் கட்டிய இடம். அதனாலேயே எனக்கு அதன்மேல் தனி மரியாதை.

அங்கே கேட்ட கதைகளில் ஒன்று 'தோக்கி உடோன்'. இரவில் இரண்டு பேர் தெருக்கடையில் ஒரு கிண்ணம் உடோன் நூடுல்ஸைப் பகிர்ந்து சாப்பிடுகிறார்கள். கிண்ணம் 16 காசு, இருவரிடமும் சேர்த்து 15தான் இருக்கிறது. ஒருவன் ஒவ்வொரு காசாக எண்ணி வைக்கிறான். எட்டு வந்ததும், "இப்போது மணி என்ன?" என்கிறான். கடைக்காரர் "ஒன்பது" என்க, இவன் "பத்து, பதினொன்று" என்று தொடர்ந்து ஒரு காசை மிச்சம் பிடித்துவிடுகிறான். மறுநாள் கூட்டாளி தனியாக அதே வித்தையைச் செய்யப் போகிறான். முதல்நாள் தன் பங்குக்காக நண்பனின் சட்டையைப் பிடித்து இழுத்தவனே இவன்தான், இன்று இவனை இழுக்கப் பக்கத்தில் யாரும் இல்லை. ஆனாலும் "இழுக்காதே" என்று வெறும் காற்றோடு சண்டை போட்டபடியே சாப்பிடுகிறான். கடைக்காரருக்கு நடுக்கம். கடைசியில் அவன் கேட்கும் நேரத்தில் மணி எட்டைவிடச் சின்ன எண்ணாக வந்து, எண்ணிய காசையே மறுபடி எண்ணிக் கூடுதலாகக் கொடுத்துவிட்டுப் போகிறான்.

கதை இவ்வளவுதான். உயிர் இருப்பது உறிஞ்சுவதில். விசிறியை மடக்கினால் அது குச்சி. இடது கை குழிந்தால் அது கிண்ணம். ஊதுகிறார், உறிஞ்சுகிறார், நூடுல்ஸ் நீளமாக வந்துகொண்டே இருக்கிறது, கண்ணாடியில் ஆவி படிந்தவர்போல் கண்ணைச் சுருக்குகிறார். வந்த புதிதில் இதைப் பார்த்திருந்தால் வெறும் நடிப்புத் திறமையாக ரசித்திருப்பேன். அதற்குள் ஸ்டேஷன் ஓரத்துக் கடையில் எத்தனையோ காலை நேரங்களில் நின்றுகொண்டே உடோன் சாப்பிட்டிருந்தேன். கடல்பாசியும் காய்ந்த மீன் சீவலும் இறங்கிய அந்த வெளிறிய சாற்றின் வாசம், முதல் வாயில் நாக்கு சுடுவது, ரயிலைப் பிடிக்கும் அவசரம், பக்கத்தில் நிற்பவர் சில்லறையைத் தட்டில் போடும் சத்தம் எல்லாம் எனக்குத் தெரிந்தவை. அவர் ஊதும்போது எனக்கும் சுட்டது. அரங்கு சிரித்தபோது நானும் சிரித்தேன், யார் முகத்தையும் பார்த்துக்கொள்ளாமல்.

நமக்கும் இப்படி ஒன்று இருக்கிறதே. 1989இல் வந்த 'கரகாட்டக்காரன்' படத்தில் கவுண்டமணி, செந்திலிடம் இரண்டு வாழைப்பழத்துக்குக் காசு கொடுத்து அனுப்பி, ஒரு பழத்துக்குக் கணக்குக் கேட்டு மாய்ந்துபோவாரே, அதுவும் காசும் எண்ணிக்கையும் வயிறும் சேர்ந்த சிரிப்புத்தான். பெட்டிக்கடையில் தார் தொங்குவதைப் பார்த்தே வளராத ஒருவருக்கு அதை மொழிபெயர்த்துச் சொல்லலாம், சிரிக்கவைக்க முடியாது.

அதனால்தான் நெடுநாள் தங்குகிறவர்களிடம் பேர்போன உணவகங்களைத் தேடி அலைய வேண்டாம் என்கிறேன். ஊர்க்காரர்கள் வேலைக்குப் போகும் வழியில் எதைச் சாப்பிடுகிறார்களோ அதைச் சாப்பிடுங்கள். வீட்டில் ரசம் வைப்பதையும் விடவேண்டாம். காய்ச்சல் வந்தால் அதுதான் வேண்டும். சைவக்காரர்களுக்கு அந்தச் சாறு ஆகாது, உண்மை. தென்மா கடைத்தெருவில் கடல்பாசி மட்டும் வாங்கி வந்து தானே சாறு வைத்துக்கொண்ட சைவ நண்பர் ஒருவரை எனக்குத் தெரியும். உடோன் கதைக்கு அவரும் விழுந்து விழுந்து சிரித்தார்.

அன்று நிகழ்ச்சி முடிந்து வெளியே வரும்போது, பக்கத்து இருக்கை அம்மாள், "நீங்கள் உடோன் எங்கே சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டார். ஸ்டேஷன் கடையைச் சொன்னேன். "அங்கே சாறு நீர்த்துப்போய்விட்டது, ஆற்றுப் பாலம் தாண்டி ஒரு கடை இருக்கிறது" என்றார். அவர் கணவர், "அந்தக் கடை உடோன் குழைந்திருக்கும்" என்று மறுத்தார். ஸ்டேஷன் கடைக்காகப் பேசி, நானும் அந்தச் சண்டையில் சேர்ந்துகொண்டேன்.