அளவு நாடா சொல்லும் தீர்ப்பு

மனிதனின் உடம்பை அளந்து பார்த்து, ‘இவன் தகுதியுள்ளவன், இவன் தகுதியற்றவன்’ என்று முடிவு கட்டுவது எந்த அளவுக்கு நியாயம்? படைக்கு ஆளெடுக்கும் இடத்தில் இந்தக் கேள்வி கூர்மையாகவே எழும்.

1942-ல் அமெரிக்கக் கடற்படை மருத்துவர்களான வெல்ஹமும் பென்கேயும், அந்நாட்டுக் கால்பந்தைத் தொழிலாக ஆடும் 25 பேரைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி எடை பார்த்தார்கள். உயரத்துக்கு இவ்வளவு எடை என்றிருந்த அட்டவணைப்படி அவர்களில் 17 பேர் ராணுவத்துக்கு லாயக்கற்ற பருமனானவர்கள். தண்ணீர் வேறு விதமாகச் சொன்னது. கொழுப்பு மிதக்கும், தசையும் எலும்பும் அமிழும். அந்த 17 பேரில் பெரும்பாலோரின் எடை தசையால் வந்த எடை!

ஒவ்வொரு சிப்பாயையும் தொட்டியில் இறக்க முடியுமா? ஆகவே நாடா வந்தது. அமெரிக்க ராணுவத்தில் அட்டவணையை மிஞ்சியவரின் கழுத்தையும் வயிற்றையும் சுற்றளந்து, கொழுப்பு எத்தனை சதவீதம் என்று மதிப்பிட்டார்கள். 21 முதல் 27 வயதுள்ள ஆணுக்கு 22 சதவீதம் வரம்பாக இருந்தது. 2023-ல் வயிற்றை மட்டும் அளந்தால் போதும் என்றாக்கினார்கள். எப்படி அளந்தாலும் இது மதிப்பீடுதான். சில சதவீதம் முன்பின் ஆகும். ஆனால் வரம்பு மீறியவருக்குப் பதவி உயர்வு நிற்கும். குறைக்காவிட்டால் வேலையே போய்விடும். 22-க்கும் 23-க்கும் நடுவே ஒரு குடும்பத்தின் சோறு தொங்கியது. அளவெடுக்கும் நாளுக்கு முன் பட்டினி கிடந்து, தண்ணீரும் அருந்தாமல் உடம்பை வற்ற வைப்பவர்கள் உண்டு. (இதை நோன்பென்று யாரும் எண்ணிவிட வேண்டாம்.) அது ஏமாற்று வேலையே. என்றாலும் பாதிக் குற்றத்தை நாடா பிடித்தவரின் கணக்கில்தான் எழுதுவேன்.

வரம்பே வேண்டாம் என்பது என் வாதமன்று. உஹதுக்கு 14 வயதில் வந்த இப்னு உமர் (ரலி) திருப்பியனுப்பப்பட்டார். அகழ்ப் போரில் 15 வயதில் ஏற்கப்பட்டார். ஆனால் அதே உஹதில் நடந்த இன்னொன்றையும் சீறா நூல்கள் கூறுகின்றன. சிறுவர் ராஃபிஉ (ரலி) அம்பெய்வதில் வல்லவர் என்று சேர்த்துக்கொள்ளப்பட்டார். விலக்கப்பட்ட ஸமுரா (ரலி), தம்மால் அவரை மல்யுத்தத்தில் வீழ்த்த முடியும் என்று முறையிட்டார். நபி பெருமானார் (ஸல்) அவர்கள் இருவரையும் மோதவிட்டுப் பார்த்தார்கள். ஸமுரா வென்றார், படையில் இடமும் பெற்றார்.

முறையிட அந்தச் சிறுவருக்கு ஒரு வாசல் திறந்திருந்தது. அமெரிக்க ராணுவமும் 2023-ல் அப்படியொரு வாசலைத் திறந்தது: உடற்தகுதித் தேர்வில் 600-க்கு 540 புள்ளி, அதிலும் ஒவ்வொரு பயிற்சியிலும் 80-க்குக் குறையாமல் எடுத்தவருக்கு அப்போது நாடா இருக்கவில்லை. 530 எடுத்து, தம் பணியையும் குறைவின்றிச் செய்தவருக்கோ மறுபடி நாடாதான் இருந்தது. அவரை மல்யுத்தத்துக்கு அழைப்பார் யாரும் இருக்கவில்லை.