தூரத்துத் தொண்டு

டிசம்பர் விடுமுறை தொடங்கியதும் சாங்கி விமான நிலையத்தில் ஒரே நிற டி-சட்டை அணிந்த மாணவர் கூட்டங்களைப் பார்க்கலாம். கம்போடியா, வியட்நாம், நேப்பாளம் என்று பிரிந்து போவார்கள். பள்ளிச் சுவருக்குச் சாயம் பூசுவார்கள், கழிப்பறை கட்டுவார்கள், ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பார்கள். 2000-ல் ‘யூத் எக்ஸ்பெடிஷன் புராஜெக்ட்’ என்னும் திட்டம் தொடங்கிய பிறகு, சிங்கப்பூர் இளையருக்கு வெளிநாட்டுத் தொண்டூழியம் படிப்போடு சேர்ந்த ஒன்றாகிவிட்டது. நானும் அப்படிப் போனவன்தான். கம்போடியாவின் சியாம் ரீப் மாநிலத்தில் ஒரு கிராமப் பள்ளிக்கு வகுப்பறை கட்டும் வேலை.

இந்தப் பயணங்களைப் பற்றி எல்லாரும் சொல்லும் குறை ஒன்று உண்டு. விமானச் சீட்டுக்கு ஆன பணத்தை அங்கேயே கொடுத்திருந்தால், தேர்ந்த கொத்தனார்களை வைத்து இன்னும் ஓர் அறை எழுப்பியிருக்கலாமே என்பது. கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கிராமத்தில் எனக்கு எழுந்த கேள்வி வேறு: கொத்தனார்கள் எங்கே?

எங்களுக்கு வேலை பழக்கியவர் ஐம்பதைக் கடந்தவர். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, ஒற்றைக் கண்ணால் சுவரைப் பார்ப்பார். கலவையில் தண்ணீர் கூடிவிட்டால் ஒன்றும் சொல்லமாட்டார், தலையை மட்டும் ஆட்டுவார். அவரிடம் தொழில் கற்ற பிள்ளைகள் இருவரும் தாய்லாந்தில் கட்டட வேலையில் இருந்தார்கள். பல வீடுகளில் பாட்டிகளும் பேரப்பிள்ளைகளும்தான். எல்லையை ஒட்டிய கம்போடியக் கிராமங்கள் பலவற்றிலும் அன்று இதே நிலைதான். 2014 ஜூனில், ராணுவம் ஆட்சியைப் பிடித்திருந்த தாய்லாந்தில் அனுமதி இல்லாத தொழிலாளர்களைப் பிடிக்கப்போகிறார்கள் என்ற பயம் பரவியது. சில வாரங்களுக்குள் 2 லட்சத்துக்கும் அதிகமான கம்போடியர்கள் ஊர் திரும்பினார்கள். அண்டை நாட்டுக் கட்டடங்கள் யார் கையால் எழுகின்றன என்பது அப்போது வெளிச்சமானது.

ஆக, கட்டத் தெரிந்தவர்கள் கூலி தேடி வெளிநாடு போய்விட்ட ஊருக்கு, கட்டத் தெரியாத நாங்கள் காசு செலவழித்துக் கட்டப் போயிருக்கிறோம்.

1968-ல் மெக்சிகோவின் குவெர்னவாக்கா நகரில், தொண்டு செய்ய வந்த வட அமெரிக்க மாணவர்களிடம் சிந்தனையாளர் இவான் இல்லிச் ஆற்றிய உரை புகழ்பெற்றது. வாருங்கள், சுற்றிப் பாருங்கள், படியுங்கள். ஆனால் உதவ வராதீர்கள் என்பது அதன் சாரம். கடுமையான பேச்சுதான். ஆனால் தொண்டூழியர்கள் போகும் அனாதை இல்லங்களின் விஷயத்தில் அந்தக் கடுமை நியாயம் என்றே தோன்றுகிறது. கம்போடிய இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருப்பதை யூனிசெஃப் சுட்டிக்காட்டியிருக்கிறது. குழந்தைகளைக் கொஞ்ச வருபவர்களும் நன்கொடையும் பெருகப் பெருக, இல்லங்களும் பெருகின. வறுமைக்குத் தீர்வாகப் பிள்ளையை வீட்டிலிருந்து பிரிப்பதற்கு வருபவர்களின் இரக்கமே துணைபோனது.

இருந்தாலும், போகவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். செங்கல் வரிசை ஒன்றை நேராக வைப்பது எவ்வளவு பெரிய வித்தை என்பது என் கையில் கரணை இருந்தபோதுதான் புரிந்தது. அது புரிந்தபிறகு ஊர் திரும்பினால், சொந்த ஊரே வேறு மாதிரி தெரிகிறது.

அப்போது எங்கள் புளோக்கில் மராமத்து நடந்துகொண்டிருந்தது. புதுக்கோட்டைப் பக்கத்து அண்ணன் ஒருவர் கீழ்த்தளத்தில் கலவை போட்டுக்கொண்டிருந்தார். கம்போடியா போய்வந்த கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டார். “இதுக்கா தம்பி அம்புட்டு தூரம் போனீங்க? எங்கிட்ட கேட்டிருந்தா நானே சொல்லிக் குடுத்திருப்பேனே.”

வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்கு அது வேடிக்கையோடு நிற்கவில்லை. என் மொழி பேசுகிறவர், நான் குடியிருக்கும் கட்டடத்தில் வேலை செய்கிறவர். கம்போடியக் கொத்தனாரின் பிள்ளைகள் தாய்லாந்தில் எப்படியோ, அப்படித்தான் இவர் இங்கே. பக்கத்தில் இருப்பவரை விட்டு, கடல் தாண்டி இருப்பவருக்கு உழைக்க ஏன் மனம் எளிதில் முன்வருகிறது?

தூரத்துத் தொண்டுக்குத் திரும்பும் தேதி உண்டு என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அங்கே நாம் கொடுப்பவர்கள். இங்கே, புதுக்கோட்டை அண்ணனுக்கு முன்னால், வாங்கிக்கொள்பவர்கள். அவர் குறைந்த கூலிக்கு உழைப்பதால்தான் நம் வீடு இந்த விலைக்குக் கிடைக்கிறது. அவருக்கு ஏதாவது செய்ய வேண்டுமென்றால் முதலில் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டியிருக்கும். இரக்கப்படுவது சுலபம், கடன்பட்டிருக்கிறோம் என்று ஒப்புக்கொள்வதுதான் கஷ்டம். 2020-ல் கொவிட் பரவியபோது, இங்குள்ள விடுதிகளில் அடைபட்டிருந்த வெளிநாட்டு ஊழியர்கள் 3 லட்சத்துக்கும் மேல் என்று கேட்டுத் திகைத்தவர்கள் பலர். அத்தனை பேரும் அதற்கு முன்பும் இங்கேதான் இருந்தார்கள்.

வேலையில் அடிபட்டு, சம்பளமில்லாமல் இழப்பீட்டுக்குக் காத்திருக்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு ‘டிடபிள்யூசி2’ அமைப்பு 2008-லேயே தேக்கா வட்டாரத்தில் இலவச உணவு தரத் தொடங்கியது. அங்கே உதவப் போகிறவருக்கு விமானச் சீட்டு வேண்டாம், வழியனுப்பு விழாவும் கிடையாது. தமிழ் தெரிந்தவர் என்றால், எந்த முதலாளியிடம் எத்தனை மாதச் சம்பளம் நிற்கிறது என்று பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொடுப்பதே பெரிய உதவி.

மாணவர்கள் வெளிநாடு போகட்டும். அதைத் தொண்டு என்பதைவிடப் படிப்பு என்று சொல்லலாம். அந்தப் படிப்புக்கான கட்டணத்தை, ஊர் திரும்பிய பிறகு, பக்கத்தில் இருப்பவரிடம் செலுத்தினால் போதும்.