கல்லைப் பெயர்த்த பிறகு

குடிநீர்க் குழாய் பதிக்கவோ சாக்கடை கட்டவோ தெருவில் பேவர் பிளாக்கைப் பெயர்த்துப் போட்டிருக்கும் நாட்களில், தேனி அல்லிநகரத்தில் நாம் ஒன்றைக் கவனித்திருப்போம். கல்லுக்கு அடியில் இருப்பது வெளுத்த மண். ஈரம் இல்லை, மண்புழு இல்லை. ஜல்லியும் சிமெண்டும் கலந்து இறுகிக் கிடக்கிறது. முல்லைப் பெரியாற்று நீரில் இருபோகம் நெல் காணும் கம்பம் பள்ளத்தாக்கு இங்கிருந்து தூரமில்லை. அங்கே உயிரைச் சுமக்கிற மண், இங்கே வெறும் பாரத்தைச் சுமக்கிறது.

நல்ல மண்ணில் ஏறத்தாழப் பாதி வெற்றிடம்தான். காற்றும் நீரும் குடியிருப்பது அந்த வெற்றிடத்தில். ரோடு ரோலர் முதலில் நசுக்குவதும் அதைத்தான்.

2013 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்ற ஆணையிட்டது. அறத்தின்பாற்பட்ட ஆணை அது. ஆயினும், கான்கிரீட்டை அகற்று என்று மனிதருக்குச் சொல்லலாம். மூச்சு விடு என்று மண்ணுக்குச் சொல்ல எந்த மன்றத்துக்கும் அதிகாரமில்லை. சிமெண்டு விட்டுச்சென்ற காரம் தணிய வேண்டும்; வேர்கள் இறுக்கத்தைத் துளைத்து வழி காண வேண்டும்; உதிர்ந்த இலை மக்க வேண்டும்; பூஞ்சை இழைகளும், டார்வின் 1881இல் ஒரு நூல் முழுவதும் ஆராய்ந்த மண்புழுக்களும் தாமாகத் திரும்ப வேண்டும். நாம் கொத்திவிடலாம், தொழு உரம் இடலாம், கொழிஞ்சியோ தக்கைப்பூண்டோ விதைக்கலாம். இவையெல்லாம் அழைப்புகளே, வருகை நம் கையில் இல்லை.

தடையை நீக்குவது வேறு, நலத்தை மீட்பது வேறு. முன்னது ஒரு நாள் வேலை; பின்னது பல பருவங்களின் தவம். நிலமாயினும் மனிதராயினும், நெடுங்காலம் அழுத்தி வைத்திருந்த ஒன்றின்மேலிருந்து கையை எடுத்த அக்கணமே தன் கடன் தீர்ந்தது என்று எண்ணுகிறவன், அழுத்தம் நீங்கிய பின்னும் உள்ளே தங்கிவிடுகிற இறுக்கத்தை அறியாதவன். அந்த இறுக்கம் இளகும்வரை அவசரப்படாமல், பலனை எதிர்பார்க்காமல், உடனிருந்து பேணுகிற பொறுப்பை ஏற்கும்போதுதான் விடுவித்தல் என்னும் செயல் நிறைவு பெறுகிறது.

ஆகவே, வாசலிலோ மரத்தடியிலோ சிமெண்டு அவசியப்படாத ஒரு முழ மண்ணையாவது திறந்து வைப்போம். திறந்த பின், அதில் விழுகிற இலைகளைக் குப்பையென்று கூட்டி எரிக்காமல் அங்கேயே விட்டுவைப்போம்.