காவடி இறக்கிய மறுநாள்



ஈப்போ குனோங் சீரோ கல்லுமலை முருகன் கோயிலில் தைப்பூசம் முடிந்துவிட்டது. புந்தோங் சுங்கை பாரி மாரியம்மன் கோயிலிலிருந்து பால்குடமும் காவடியும் சுமந்து, தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்து வந்தவர்கள் பலர் இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். 48 நாள் மச்சம் தொடாதவர்கள் இருக்கிறீர்கள். விடியுமுன் பச்சைத் தண்ணீரில் குளித்து, தரையில் பாய் விரித்துப் படுத்தீர்கள். சிகரெட்டைத் தூக்கி எறிந்தவரும் உண்டு. இவ்வளவும் செய்த ஒருவரிடம் கிளினிக்கில் டாக்டர், "தினமும் அரை மணி நேரம் நடங்க" என்றால், "மனசுல உறுதி இல்லைங்க டாக்டர்" என்கிறார். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உறுதி இருக்கிறது. முருகனுக்கென்றால் வருகிறது, உடம்புக்கென்றால் வர மறுக்கிறது.

ஏன் அப்படி? விரதத்தில் நீங்கள் தனி ஆள் இல்லை. காப்புக் கட்டியதை ஊரே பார்க்கிறது. வீட்டு அடுப்பே மாறிவிடுகிறது. ரொட்டி சானாய் சாப்பிடக் கூப்பிட வந்த நண்பன், "விரதமா? சரி, முடியட்டும்" என்று தானே விலகிப் போகிறான். ஒவ்வொரு வேளையும் மனதோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. முதல் நாளே எல்லாம் முடிவாகிவிட்டது. ஜனவரி முதல் தேதி எடுக்கிற சபதத்துக்கு இதில் எந்தக் காவலும் கிடையாது. மனசுக்குள் சொல்லிக்கொண்டோம், அது மனசுக்குள்ளேயே கலைந்தது.

நம் பாட்டன் பாட்டிக்கு நடப்பதற்கென்று ஒரு சபதம் தேவைப்படவில்லை. சுங்கை சிப்புட், செம்மோர் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் இருட்டோடு எழுந்து பெரட்டில் பேர் கொடுக்க நின்றார்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். அதனால் விடியலிலேயே உளியோடு இறங்கி, மரம் மரமாக நடந்து வெட்டி, பிறகு பால் வாளியைச் சுமந்து ஸ்டோருக்குப் போனார்கள். அந்த வாழ்க்கையை நான் புகழ வரவில்லை. குறைந்த கூலிக்கு முதுகை ஒடித்த உழைப்பு அது. ஆனால் தட்டில் குவித்த சோறு அந்த உழைப்புக்கான சோறு. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் கைமாறின, நாம் டவுனுக்கும் அடுக்குமாடிக்கும் வந்தோம். சோறு அதே அளவில் கூட வந்தது. நடை வரவில்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் என்றது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. இந்த எண்ணைப் படிக்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் அர்ஜுனன் இரண்டு கேள்வி கேட்கிறான். மனம் அடங்காதே, என்ன செய்வது என்பது முதல் கேள்வி. பழக்கத்தாலும் பற்றை விடுவதாலும் அடங்கும் என்கிறார் கண்ணன். அதை எல்லோரும் சொல்வார்கள். இரண்டாவது கேள்விதான் நமக்குரியது. நம்பிக்கையோடு புறப்பட்டவன் பாதியில் வழுக்கிவிட்டால் அவன் கதி என்ன? கண்ணன் கோபிக்கவில்லை. நல்லது செய்தவன் எவனும் கெட்டுப்போவதில்லை, விட்ட இடத்திலிருந்து அவன் தொடர்வான் என்கிறார். பிறவி கடந்தே அந்த முயற்சி தொடருமானால், செவ்வாய்க்கிழமை நடக்காமல் போனவர் புதன்கிழமை தொடரக் கூடாதா? நாலு நாள் மழையில் நின்றுபோனதற்காக வருஷம் முழுவதையும் கைகழுவுகிறோமே, அதுதான் நம்மைக் கெடுக்கிறது.

ஆகவே நடையையும் விரதமாக எடுங்கள். முருகன் சந்நிதியில் சொல்லி, தேதி குறித்து, கையில் ஒரு மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ளுங்கள். வீட்டில் அறிவியுங்கள். தனியாக நடக்காதீர்கள், பக்கத்து வீட்டு அண்ணனோ அக்காவோ வாசலில் காத்திருந்தால் படுக்கையில் புரள மனம் வராது. 48 நாள் முடிந்ததும் மறுநாளே அடுத்த 48-ஐத் தொடங்குங்கள். காவடி இறக்கிய கையோடு கறிச்சட்டி ஏறுகிறதே, அந்த வழக்கம் இதற்கு வேண்டாம். ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: இனிப்புநீருக்கு மாத்திரை, ஊசி எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் மருந்தையும் நிறுத்தாதீர்கள், வேளைச் சாப்பாட்டையும் விடாதீர்கள். அப்படி உடம்பை வதைப்பதை முருகன் கேட்கவில்லை.

கோயில் நிர்வாகத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். அன்னதானத்தில் காய்கறியைக் கூட்டுங்கள், தேத்தண்ணியில் சீனியைக் குறையுங்கள்.

நாளைக் காலை ஏழு மணிக்கு டி.ஆர். சீனிவாசகம் பூங்கா வாசலில் நிற்பேன். நடக்க மாட்டேன் என்று வீட்டில் அடம்பிடிப்பவர் யாரோ, முதலில் அவரை அழைத்து வாருங்கள்.